பாலத்து ராட்சசியைக் கொன்றது யார்?

பாலத்து ராட்சசி செத்துப்போன மறுநாள் காலை, அந்த வீட்டில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

யார் அந்த ராட்சசி என்று இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்தவர்கள் பதற வேண்டாம். டிவியில் ஓடுகிற கேமுக்குள் இருப்பவள் அவள். கொன்றது நம் சின்னவள். பஸ் ஓட்டுகிறவள். டிப்போ வாசலில் மழைத்தண்ணீரில் வழுக்கி, பிரேக் மிதிக்கிற வலது காலை முறித்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டில் இருப்பவள். அந்தக் காலைத் திரும்ப நடக்க வைத்தவள் அவளுடைய ஓரகத்தி. பெரியவள். பிசியோதெரபிஸ்ட். பெரியவளின் கணவன் கப்பலில் இருக்கிறான். அவன் கரைக்கு வரும்போது அவனைப் பார்த்துக்கொள்ளலாம்.

"பெரியவளை நம்பாதீர்கள், இவ்வளவு நல்ல ஓரகத்தி உலகத்தில் கிடையாது" என்று வாராவாரம் எழுதுகிற வாசகிகளே, இன்று உங்கள் கட்சிக்குக் கொஞ்சம் தீனி உண்டு.

காலையில் டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே டிப்போ மேலாளர் போன் செய்துவிட்டார்.

"டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்துட்டாரும்மா. இனி நீ சொல்றதுதான். பழைய ரூட்டா, இல்ல டிக்கெட் ஆபீஸ்ல ஒரு நாற்காலி போடட்டுமா? சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. நாற்காலிக்கு இன்னொருத்தர் கண்ணு வெச்சிருக்கார்."

"ரூட்டுதான்னு சொல்லிடப் போறேன்" என்றாள் சின்னவள், போனை வைத்துவிட்டு.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட்டுக்கு மேலே ஏறி நின்று வேலை செய்கிறவன், மனைவி ஸ்டூல் மேல் ஏறினால் மட்டும் பயந்துவிடுவான்.

"நாற்காலின்னா என்ன குறைஞ்சு போச்சு? ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கலாம்."

"நேத்து பார்த்தீங்கல்ல? அந்த ராட்சசியை யாரு சாச்சது? கேமே தெரியாதவ, நடு லெவல்ல, யாரும் கை வெக்காம சாச்சேன். அதுவே வருதுன்னா பஸ் வராதா?"

"பஸ்ஸும் ராட்சசியும் ஒண்ணாடி?"

"எனக்கு ஒண்ணுதான்."

பெரியவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். அது எப்போதோ ஆறிப்போன டீ. பிறகு கிளினிக் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட முன்னாலேயே கிளம்பிவிட்டாள். அவள் பின்னாலேயே சின்னவளின் கணவனும் வேலைக்கென்று போனான்.

அந்தக் கேம் வீட்டுக்கு வந்த கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். படுத்தே கிடக்கிறவளுக்குப் பொழுது போகட்டும் என்று கணவன் வாங்கி வந்தது அது. சின்னவள் அதுவரை ஆடியதெல்லாம் போனில் ஒரே நிறத்து மிட்டாய்களை வரிசை சேர்க்கிற ஆட்டம்தான். இது அந்த ரகம் இல்லை. ஆட்டம் ஆரம்பிப்பதற்கே அரை நாள் ஆயிற்று. எந்த வித்தை தெரியும், பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு, பேச்சுத் திறமை எவ்வளவு என்று வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களைப் போலத் துருவித் துருவிக் கேட்டது. சின்னவள் கைவசம் இருந்த புள்ளிகளையெல்லாம் புத்தியில் கொட்டிவிட்டு, தன் வீராங்கனையின் கையில் ஒரு கோடாரியைக் கொடுத்தாள். கோடாரிக்குப் புத்தி எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசியாக எந்த லெவல் என்று கேட்டது. நான்கு இருந்தன. கதை, சமநிலை, வியூகம், ஒரே உயிர். 'கதை'க்குக் கீழே சின்ன எழுத்தில், "புதியவர்களுக்கு ஏற்றது. சண்டைகள் உங்களைத் தொந்தரவு செய்யாது" என்று போட்டிருந்தது.

"அவங்களே போட்டிருக்காங்க பாரு, புதுசுன்னா இதை எடுன்னு" என்றான் கணவன்.

"சண்டை தொந்தரவு பண்ணலன்னா அது என்ன சண்டை?" என்று சின்னவள் 'சமநிலை'யை அமுக்கினாள். முறிந்த காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, வீட்டில் எல்லோரும் தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுக்கிற நாட்கள் அவை. தனக்கென்று ஒரு விஷயத்தையாவது யாரும் சுலபமாக்கித் தரக்கூடாது என்ற வீம்பு அவளுக்கு இருந்தது.

வீம்பு ஓநாய்களிடம் செல்லுபடியாகவில்லை. முதல் காட்டிலேயே நாள் முழுக்கச் செத்தாள். ராட்சசியிடம் போய்ச் சேர்ந்தபோது இன்னும் மோசம். ஒருநாள் சமையலறையில் கழுவுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இனிமே எதுவுமே வராது போல" என்று அழுதாள். அதற்குப் பிறகுதான் எப்படியோ பழகிவிட்டது. கொள்ளைக்காரர்கள் விழுந்தார்கள், குகை திறந்தது, நேற்று ராட்சசியும் விழுந்தாள். எல்லாம் பழக்கம்தான் என்று அவள் நினைத்தாள். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

இப்போது வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும். மாமனார் வாழ்நாளெல்லாம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். கேமில் யார் என்ன பேசினாலும் திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்து உரக்கப் படித்துவிடுவார். "உன் எலும்பை நொறுக்குவேன்" என்று ராட்சசி சொல்வதுகூட அவர் வாயில், ரயில் தாமதத்துக்கு வருத்தம் தெரிவிப்பது போலத்தான் இருக்கும்.

"இன்னொரு தடவை அவளைக் காட்டும்மா" என்றார். "நேத்து கண்ணை மூடிட்டேன், செத்ததைப் பார்க்கல."

பாலத்துக்கு முன்னால் ஆட்டத்தைச் சேமித்துவைத்த ஒரு சேவ் இருந்தது. சின்னவள் அதைத் திறந்தாள். ராட்சசி எழுந்து நின்றாள். நான்கு வெட்டு. விழுந்துவிட்டாள்.

"பாவம்" என்றார் மாமனார். "ஆரம்பத்துல என்ன வீராப்பா இருந்தா! பெரியவ அந்தச் சக்கரத்தைத் திருகினதுல இருந்து பூனையாட்டம் ஆயிட்டா."

"எந்தச் சக்கரம் மாமா?"

"அதான், மூலையில பல்லுப் பல்லா இருக்கே. நீ அழுதுட்டு உள்ள போய்ப் படுத்தியே, அன்னைக்குப் பெரியவ வந்து அதை அமுக்கி என்னமோ மாத்தினா. மாமா, அவகிட்ட சொல்லாதீங்கன்னு..." அங்கேயே நிறுத்திவிட்டார். "அடடா."

சின்னவள் திரை மூலையில் இருந்த அமைப்புச் சக்கரத்தை அமுக்கினாள். 'கதை' என்பதில்தான் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. புதியவர்களுக்கு ஏற்றது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். அடுத்து வந்தது பயம், அது கோபத்தைவிடப் பெரியது. ராட்சசியில் ஏமாற்றியவள் காலில் ஏமாற்றியிருக்க மாட்டாளா? கணுக்காலில் கட்டித் தூக்குகிற மணல் பை அறையில்தான் இருந்தது. பெரியவள் அதற்குத் துணியில் உறை போட்டு, வாயை மூடித் தைத்திருந்தாள். "மூணு கிலோ" என்று சொல்லித்தான் இத்தனை நாளும் கட்டிவிட்டாள். உள்ளே மூன்றுதானா, ஒன்றுதானா? இந்தக் காலை நம்பி ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றலாமா?

பிரித்துப் பார்க்கக் கை வரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். மதியம் சாப்பிடவும் இல்லை. மாமனார் பேப்பரில் விளம்பரங்களையெல்லாம்கூடப் படித்து முடித்தார்.

பெரியவள் மதியத்துக்குப் பிறகு வந்தாள். கையில் ரொட்டிப் பொட்டலம்.

"வாங்கக்கா" என்றாள் சின்னவள். "ராட்சசியைக் கொன்னது யாரு?"

பெரியவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

"நீதான்."

"எந்த லெவல்ல?"

பெரியவள் ரொட்டியை மேஜையில் வைத்தாள். பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நொடி யோசித்ததை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. "கதைல."

"ஏன்க்கா?"

"நீ அழுதே. எதுவும் வராதுன்னு சொன்னே. என்னால கேட்டுட்டு நிக்க முடியல."

"அழுதா உடனே குறைச்சிடுவீங்களா? நான் என்ன உங்க பேஷன்ட்டா?"

"ஆமா, பேஷன்ட்டும்தான். அப்புறம் என்ன?"

"அப்போ இதுலயும் குறைச்சீங்களா?" சின்னவள் மணல் பையைத் தூக்கிக் காட்டினாள். "உண்மையைச் சொல்லுங்க. எத்தனை கிலோ இது?"

பெரியவள் இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நீட்டினாள். "நீயே பிரி."

தையலைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெரியவள் எதையும் உறுதியாகத்தான் தைப்பாள். உறை கழன்றதும் பையின் மேல் அச்சடித்திருந்த எண் தெரிந்தது. நான்கு.

சின்னவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணுன்னுதானே சொன்னீங்க?"

"மூணுன்னு சொன்னாதான் தூக்கினே. நம்பரைப் பார்த்தா எல்லாருக்கும் கால் பாறையாயிடும். கிளினிக்ல அத்தனை பைக்கும் நான் உறை போட்டு வெச்சிருக்கேன். உன் கால்ல எனக்கு எப்பவுமே சந்தேகம் இல்லடி. அது தயாராகி நாளாச்சு. நீதான் தயாராகல. அதனால கால்ல கூட்டினேன், கேம்ல குறைச்சேன். ஜெயிச்சா உனக்குத் தைரியம் வரும்னு நினைச்சேன்."

"வந்துச்சுக்கா. அதுலதான் கோபமே. நேத்து வந்த தைரியம் இப்போ யாரோடதுன்னே தெரியல."

எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்தவள், சோபாவின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. இன்னொரு தடவை சின்னவள் அழுதாலும் அதையேதான் செய்வோம் என்றும் புரிந்தது. பாவம், நல்லவர்களுக்கு இது ஒரு கஷ்டம்.

சின்னவள் கன்ட்ரோலரை எடுத்தாள். சக்கரத்தை அமுக்கி, பெரியவள் பார்க்கப் பார்க்கவே 'சமநிலை'க்கு மாற்றினாள்.

"கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து பாருங்க. மூச்சுகூட விடக்கூடாது."

ராட்சசி எழுந்தாள். சின்னவள் வழக்கம்போல ஓடிப்போய்க் கோடாரியை வீசினாள். ஒரே அறை. வீராங்கனை ஆற்றில் விழுந்தாள்.

"ஐயையோ" என்றார் மாமனார், பேப்பரைக் கீழே இறக்கி.

இரண்டாவது தடவை கூட இருந்த வில்லாளியை முன்னால் அனுப்பினாள். அவனும் ஆற்றில் விழுந்தான். மூன்றாவது தடவை ஓடவில்லை. ஆட்டத்தை நிறுத்திவைத்து, தன்னிடம் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் கண்ணாடி, டயர், கதவு என்று ஒரு சுற்று வருகிறவள்தானே அவள். இந்தக் கேமில் மட்டும் இத்தனை நாளும் அப்படிச் சுற்றி வராமலே ஓட்டியிருக்கிறாள். சுலபமான லெவலில் வெட்டினால் போதும் என்று இருந்ததால் மற்ற எதையும் தொடவே தேவைப்படவில்லை.

"அக்கா, இங்க பாருங்க. பனி மந்திரம்! எங்கிட்ட மந்திரம் இருந்திருக்கு."

"புத்தியில அவ்வளவு கொட்டினியே, அதுக்குத்தான் குடுத்திருப்பாங்க."

"தரையில போடலாமாம். தரை பனியா உறைஞ்சிடுமாம்."

"போடு, போடு" என்றாள் பெரியவள், மூச்சு விடக்கூடாது என்பதை மறந்து.

பாலம் வெள்ளையாக உறைந்தது. ராட்சசி ஆவேசமாக ஓடிவந்தாள், காலை வைத்தாள், மல்லாக்க விழுந்தாள்.

"விழட்டும்!" என்று சின்னவள் கத்தினாள். "எனக்கு மட்டும்தான் வழுக்கணுமா?"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வில்லாளியை நகர்த்த மறந்துவிட்டாள். ராட்சசி எழுந்து எல்லோரையும் சேர்த்து ஆற்றில் தள்ளினாள். வில்லாளி ஆற்றில் மிதக்க, திரை அப்படியே நின்றுவிட்டது. சின்னவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது அழுகை இல்லை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. காலையில் ஜெயித்தவளாக டோஸ்ட் சாப்பிட்டபோது இல்லாத சந்தோஷம் அது.

அப்போது போன் அடித்தது. டிப்போ மேலாளர்.

"என்னம்மா முடிவு?"

பெரியவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். மாமனார் பேப்பரை மடித்தார். சின்னவள் எழுந்து நின்றாள். வலது காலில்தான் ஊன்றி நின்றாள்.

"ரூட்டுதான் சார். ஆனா முதல் வாரம் காலி வண்டி குடுங்க. பக்கத்துல ஒரு டிரைவர் இருக்கட்டும். மார்க்கெட் திருப்பத்துல என் கால் எப்படி இருக்குன்னு நான் பார்க்கணும். சரியா வந்தா ஆளுங்களை ஏத்தறேன். வரலன்னா நானே வந்து சொல்றேன்."

"இவ்வளவு நாள் ஓட்டினவங்க யாரும் காலி வண்டி கேட்டதில்லையேம்மா. அது புதுசா வர்றவங்களுக்கு."

"இந்தக் காலுக்கு நான் புதுசுதானே சார்."

மறுமுனையில் அவர் சிரிப்பது சோபா வரைக்கும் கேட்டது. "சரி, திங்கக்கிழமை வந்துடு."

போனை வைத்தாள். பெரியவளால் நம்ப முடியவில்லை.

"தோத்துட்டுத்தானே இருந்தே? அதுக்கு நடுவுல எப்படிடி இவ்வளவு தெளிவா சொன்னே?"

"நேத்து எப்படி ஜெயிச்சேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா. இன்னைக்கு எதுல எதுல தோத்தேன்னு கேளுங்க, கடகடன்னு சொல்றேன்." உட்கார்ந்து பெரியவளின் தோளில் சாய்ந்துகொண்டாள். "ஆனா இனிமே என் சக்கரத்துல கை வெக்காதீங்க. வெக்கணும்னா கேட்டுட்டு வைங்க."

"சரி" என்றாள் பெரியவள். "அப்படின்னா இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன். இன்னைக்கு நான் கிளினிக்குக்குப் போகல. லீவு."

"இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டா?"

"உன் ரூட் பஸ்ல ஏறினேன். டிரைவருக்குப் பின் சீட்டு. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி, திரும்ப இங்க. எத்தனை தடவை பிரேக் மிதிக்கறார்னு எண்ணினேன். மார்க்கெட் வந்ததும் எண்ணிக்கை தவறிப்போச்சு. எனக்கே கால் வலிச்சுது. ஆனா உன் கால் தாங்கும்டி. நிச்சயமாத் தாங்கும்."

சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்துவிட்டு நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் பெரியவள் இன்னும் முடிக்கவில்லை.

"அந்த பஸ்ல தம்பியும் இருந்தான்."

"யாரு, இவரா? வேலைக்குல்ல போனார்?"

"முன்னாடி நின்னான். என்னைக் கவனிக்கல. டிப்போ ஸ்டாப்புல இறங்கினான். எதிர்ல ஒரு சின்ன வீடு. வாசல்ல வாடகைக்குன்னு பலகை தொங்கிட்டிருந்துது. சட்டைப்பையில இருந்து சாவி எடுத்துத் திறந்தான். திறந்துட்டு அந்தப் பலகையைக் கழட்டி உள்ள எடுத்துட்டுப் போனான்."

மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு மகன்களும் இரண்டு மருமகள்களும் ஒரே கூரைக்குக் கீழே என்று யாரைப் பார்த்தாலும் பெருமையடிக்கிறவர் அவர்.

"டிப்போவுக்கு எதிர்லயா?" என்றாள் சின்னவள் மெதுவாக. "நான் நடக்காம போய் வரணும்னா?"

"அப்படித்தான் இருக்கும். உனக்காகத்தான். திட்டாதே."

"திட்டல. நீங்க கேம்ல குறைச்சீங்க, அவர் வீட்டையே மாத்தறார். என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல."

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கணவன் உள்ளே வந்தான். திரையில் வில்லாளி ஆற்றில் மிதப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன, ராட்சசி ஜெயிச்சுட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே ஷூவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"கழட்டாதீங்க" என்றாள் சின்னவள். அவள் தன் ஷூவில் வலது காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். "டிப்போ பக்கம் ஒரு நடை போயிட்டு வருவோம். அக்காவும் மாமாவும் வர்றாங்க. நமக்கு வீடு பார்த்திருக்கீங்களாமே, வேணுமா வேண்டாமான்னு நான் பார்த்துச் சொல்றேன்."